வோல்ட்டை ஆளும் மென்பொருள்

எல்டிஓ என்று தொழிலில் சுருக்கமாகச் சொல்லப்படும் குறைவீழ்ச்சி ரெகுலேட்டர், பெரும்பாலான மின்னணுக் கருவிகளுக்குள் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் சிறு சிப். ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒரு பக்கம் உள்ளே வரும். மறுபக்கம் அசையாத ஒரே அளவு வெளியே போகும். சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். சார்ஜர் அதை 5 வோல்ட்டாக இறக்குகிறது. ஆனால் கருவிக்குள் இருக்கும் சிப்புகள் 3.3, 1.8, 1.2 வோல்ட் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கின்றன. அந்தக் கடைசிப் படியைச் சுத்தமாக இறக்கித் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை. பெரும்பாலான ரெகுலேட்டர்களில் வெளியீட்டின் அளவை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால் ஆயுள் முழுக்க அதேதான். கணினியிலிருந்து ஓர் எண்ணை அனுப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அளவை மாற்றும்படி அமைத்ததுதான் நிரல்வழி எல்டிஓ போர்டு. அந்த எண்ணுக்கும் வோல்ட்டுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்.

ரெகுலேட்டருக்குள் நடப்பது எளிமையானது. உள்ளே வரும் வழிக்கும் வெளியே போகும் வழிக்கும் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதை ஒரு பெருக்கி முடிவுசெய்கிறது. அந்தப் பெருக்கி வெளியீட்டையும், மாறாத ஒரு மேற்கோள் மின்னழுத்தத்தையும் ஓயாமல் ஒப்பிட்டபடி இருக்கும். வெளியீடு துளி குறைந்தால் டிரான்சிஸ்டர் கூடுதலாகத் திறக்கும், துளி கூடினால் ஒடுங்கும். இந்த வேலை நடக்க உள்ளீடு வெளியீட்டைவிடக் கொஞ்சமாவது உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச இடைவெளியைத்தான் வீழ்ச்சி என்கிறார்கள். பழைய 7805 ரெகுலேட்டருக்கு ஏறத்தாழ 2 வோல்ட் இடைவெளி தேவை. இன்றும் மலிவு போர்டுகளில் காணப்படும் 1117 வகைக்குச் சுமார் 1.2 வோல்ட் போதும். இன்றைய நல்ல எல்டிஓக்கள் கால் வோல்ட்டை ஒட்டிய இடைவெளியிலேயே சமாளித்துக்கொள்கின்றன. மின்கலத்தில் ஓடும் கருவிக்கு இந்த வித்தியாசம், கலத்தில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் பயன்படுத்துவதா வீணாக்குவதா என்ற வித்தியாசம்.

இந்தச் சிப்பின் வரலாற்றோடு சிங்கப்பூருக்கு நெருக்கமான தொடர்பு உண்டு. மூன்றே கால்களுடன் ஒரே சிப்பில் அடங்கிய முழு ரெகுலேட்டரை 1960களின் முடிவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் வடிவமைத்தவர் பாப் விட்லர். எல்எம்109 என்பது அதன் பெயர். இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றி வெளியீட்டை விருப்பப்படி வைத்துக்கொள்ளும் எல்எம்117ஐ அடுத்த பத்தாண்டில் அதே நிறுவனத்தில் பாப் டாப்கின் உருவாக்கினார். அந்த நேஷனல் செமிகண்டக்டர் 1968இல் சிங்கப்பூரில் காலூன்றியது. அதே காலத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வந்தது; அதன் கட்டடம் இருக்கும் பெண்டிமியர் சாலை, செராங்கூன் சாலையை ஒட்டிய பகுதிதான். 2011இல் டெக்சாஸ் நிறுவனம் நேஷனலை 650 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. டாப்கின் 1981இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய லீனியர் டெக்னாலஜியும் பின்னாளில் தன் சிப்புகளைச் சோதிக்கும் கூடத்தைச் சிங்கப்பூரில் அமைத்தது. 2017இல் அது அனலாக் டிவைசஸோடு இணைந்தது. உலகில் உற்பத்தியாகும் சிப்புகளில் பத்தில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து போகிறது என்பது அரசு தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அந்தச் சிப்புகளுக்கு மின்சாரத்தை அளந்து ஊட்டுவதும், கூட்டியும் குறைத்தும் சோதித்துப் பார்ப்பதும் இந்த ஊரின் அன்றாடத் தொழிலில் ஒரு பகுதி.

தொழிற்சாலைக்கு வெளியே இந்தக் கலையைப் பழக விரும்புவோருக்கு லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே இடம் இருக்கிறது. தேக்கா சந்தையிலிருந்து சில நிமிட நடையில், ஜாலான் புசார் சாலையில் நிற்கிறது சிம் லிம் டவர். கணினிக் கடைகளுக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. டவரில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர், வெப்பத்தட்டு, சுவிட்ச், கம்பி என்று உதிரிப் பொருள்கள் கிடைக்கும். பலதொழில் கல்லூரி மாணவர்களும், ஒலிபெருக்கிகளைச் சொந்தமாகச் செய்பவர்களும், ஆய்வுக்கூட உதவியாளர்களும் தேடிப் போகும் இடம் அது. அருகே சுங்கை ரோட்டில் பழைய பொருள்களோடு பழைய ரேடியோ உதிரிகளும் கிடைத்துவந்த தெருச்சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதன்பின் ஒரு ரெசிஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் டவரை நம்பித்தான் இருக்கிறது. இணையத்தில் எல்லாம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனாலும் வெப்பத்தட்டின் கனத்தையும் முனையத்தின் இறுக்கத்தையும் கையால் அறிந்து தெரிந்தெடுப்பது தனிப் பயிற்சி; ஒரு நகரம் அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

ரெசிஸ்டரை மாற்றி வோல்ட்டை மாற்றுவது எல்எம்117 காலத்து வழக்கம். எண்ணை அனுப்பி மாற்றுவதற்கு இன்று மூன்று பாதைகள் உண்டு. முதலாவது, ரெசிஸ்டர் இருந்த இடத்தில் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் வைப்பது. மலிவானது, ஆனால் அதன் மொத்தத் தடை சொன்ன அளவிலிருந்து 20 விழுக்காடுவரை விலகலாம், படிகளும் பெரும்பாலும் 256தான். இரண்டாவது, கைப்பேசிகளில் உள்ளதுபோல் ரெகுலேட்டர் சிப்புக்குள்ளேயே எண்ணை எழுதிவைக்கும் இடம் இருப்பது. அதில் வசதி அதிகம், படிகள் மட்டும் தயாரிப்பாளர் வைத்த அளவில்தான் இருக்கும். மூன்றாவது, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டேக் சிப்பை வைத்து ரெகுலேட்டரை வழிநடத்துவது. துல்லியமும் அமைதியும் ஒருசேர வேண்டுமென்றால் மூன்றாவதே சிறந்தது. டிரைவர் எழுதுபவருக்கு வேலை அதிகம் வைப்பதும் அதுதான்.

இதற்குப் பொருத்தமான ரெகுலேட்டர் லீனியர் டெக்னாலஜியின் எல்டி3045. 500 மில்லியாம்பியர் வரை கொடுக்கும். 10 ஹெர்ட்சிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட் மட்டுமே. உள்ளீட்டில் ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஆடும் அலையை ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அடக்கிவிடும். மற்ற ரெகுலேட்டர்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதன் செட் என்னும் கால். அந்தக் காலிலிருந்து சீராக 100 மைக்ரோஆம்பியர் வெளியே வருகிறது. அங்கே எந்த மின்னழுத்தம் உருவாகிறதோ அதையே வெளியீட்டுக் கால் அப்படியே பின்பற்றும். 33 கிலோஓம் ரெசிஸ்டரைச் செட் காலில் வைத்தால் வெளியீடு 3.3 வோல்ட். ரெசிஸ்டருக்குப் பதிலாக டேக் சிப்பின் வெளியீட்டை அங்கே இணைத்தால் அது சொல்லும் வோல்ட்டே ரெகுலேட்டரின் வோல்ட்.

டேக்குக்கு மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி4725ஐ எடுத்துக்கொள்ளலாம். இது 12 பிட் சிப். தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தை 4,096 படிகளாகப் பிரித்துத் தரும். 5 வோல்ட் ஊட்டினால் ஒரு படி 1.22 மில்லிவோல்ட். கவனிக்க வேண்டியது, ஊட்டும் மின்னழுத்தமே இதன் அளவுகோலும் என்பது. யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டை அப்படியே ஊட்டினால், அது 4.75க்கும் 5.25க்கும் இடையில் எங்கே நின்றாலும் விதிப்படி சரிதான், ஆனால் 3.3 வோல்ட் என்று கேட்டவருக்கு 3.14 முதல் 3.46 வரை எதுவும் கிடைக்கலாம். டிரைவர் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அளவுகோல் நீண்டு சுருங்கினால் பயனில்லை. எனவே போர்டில் துல்லியமான 5 வோல்ட் மேற்கோள் சிப் ஒன்றை வைத்து, டேக்குக்கு அதிலிருந்து ஊட்ட வேண்டும். அதனால் இன்னொரு சிக்கல் வருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகள் 3.3 வோல்ட்டில் பேசுகின்றன. 5 வோல்ட்டில் ஓடும் இந்த டேக், 3.5 வோல்ட்டுக்குக் குறைந்ததை ‘ஒன்று’ என்று ஏற்பதாக உறுதி தருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிலைமாற்றிச் சிப் தேவை. அது இல்லாமலும் பல போர்டுகள் மேசையில் ஓடிவிடும். ஒரு வாரம் கழித்து, ஒரு சூடான மதியத்தில், காரணம் தெரியாமல் நிற்பவையும் அவைதான்.

டேக்கின் வெளியீட்டில் இருக்கும் இரைச்சல் செட் காலுக்குப் போனால் ரெகுலேட்டர் அதையும் விசுவாசமாகப் பின்பற்றும். அதைத் தடுக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டரும், செட் காலிலிருந்து தரைக்கு 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைப்பது வழக்கம். 34 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஆட்டங்களை இந்த ஜோடி வடிகட்டிவிடும். அதே சமயம் செட் காலிலிருந்து வரும் 100 மைக்ரோஆம்பியர் இந்த ஒரு கிலோஓம் வழியாகத்தான் டேக்குக்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது 0.1 வோல்ட்டைக் கூட்டிவிடுகிறது. டேக் 2 வோல்ட் சொன்னால் ரெகுலேட்டர் 2.1 வோல்ட் கொடுக்கும். டிரைவர் இதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்ட டிரைவர் எல்லா அளவுகளிலும் ஒரே மாதிரி 100 மில்லிவோல்ட் தவறும். பிழை ஒரே மாதிரி இருப்பதால் அதைப் பிழை என்றே பலர் உணரமாட்டார்கள். எல்டி3045இல் விரைவுத் தொடக்க வசதி ஒன்றும் இருக்கிறது. தொடங்கும் தருணத்தில் செட் கால் மின்னோட்டத்தை 100 மைக்ரோவிலிருந்து 2 மில்லியாம்பியராக அது உயர்த்தும். கெப்பாசிட்டர் சீக்கிரம் நிரம்ப அது நல்ல உபாயம். ஆனால் டேக் வைத்த போர்டில் அதே 2 மில்லியாம்பியர், ஒரு கிலோஓம் ரெசிஸ்டரில் 2 வோல்ட்டை ஏற்றிவிடும். அத்தகைய போர்டில் அந்த வசதியை இணைப்பிலேயே முடக்கிவைக்க வேண்டும். மென்பொருளால் அதைச் சரிசெய்ய முடியாது.

இனி எண் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்கலாம். கணினிக்கும் டேக்குக்கும் நடுவில் இரண்டே கம்பிகள்: ஒன்று தாளத்துக்கு, மற்றொன்று செய்திக்கு. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த இந்த முறைக்கு ஐ2சி என்று பெயர். ஒரே ஜோடிக் கம்பியில் பல சிப்புகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண். கடைகளில் கிடைக்கும் எம்சிபி4725 போர்டுகளில் பல 98 என்ற முகவரியில் பதில் சொல்பவை. பயன்படுத்துபவர் 3.3 வோல்ட் கேட்கிறார். டிரைவர் 0.1ஐக் கழித்து 3.2 ஆக்குகிறது. அதை 5ஆல் வகுத்து 4,096ஆல் பெருக்கினால் 2621.44, முழு எண்ணாக 2621. டேக் ஒரு சமயத்தில் எட்டு பிட் கொண்ட பைட்டுகளாகத்தான் வாங்கும் என்பதால் 2621, 10 என்றும் 61 என்றும் இரண்டாகப் பிரிகிறது (10ஐ 256ஆல் பெருக்கி 61ஐக் கூட்டினால் 2621). முகவரி, 10, 61 என்று மூன்று எண்கள் கம்பியில் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் டேக் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று ஒரு பிட் பதில் தருகிறது. வெளியீட்டில் வருவது 3.2995 வோல்ட், கேட்டதற்கு அரை மில்லிவோல்ட் குறைவு. நல்ல டிரைவர், கேட்டது என்ன, உண்மையில் வைத்தது என்ன என்ற இரண்டையும் திருப்பிச் சொல்லும்.

எழுதியவுடன் வோல்ட் மாறிவிட்டதாக நினைப்பது புதியவர்கள் செய்வது. ஒரு கிலோஓமும் 4.7 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் காலமாறிலி 4.7 மில்லிவினாடி. 12 பிட் துல்லியத்துக்குள் வந்து நிலைக்க அதைப்போல் எட்டு மடங்குக்குச் சற்று மேல், அதாவது 40 மில்லிவினாடி வேண்டும். அதற்குள் அளந்தால் பாதி வழியில் இருக்கும் அளவே கிடைக்கும். வடிகட்டி ரெசிஸ்டரைப் பத்து மடங்கு பெரிதாக வைத்த போர்டில் காத்திருக்க வேண்டிய நேரம் 400 மில்லிவினாடியாகும். மேலே சொன்ன 0.1 வோல்ட் கூடுதலும் ஒரு வோல்ட்டாகும். இந்த எண்களைப் பயன்படுத்துபவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போர்டைப் பற்றிய இந்த அறிவு டிரைவருக்குள் இருக்க வேண்டும்.

டேக்கின் நினைவகம் தனிக் கவனம் கேட்கிறது. எம்சிபி4725க்குள் மின்சாரம் போனாலும் மறக்காத சிறு நினைவகம் உண்டு. போர்டு உயிர்பெறும்போது அதில் இருக்கும் எண்ணையே டேக் முதலில் எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த எண் சரிபாதி. அதாவது புதுப் போர்டைச் செருகிய கணத்தில், மென்பொருள் ஒரு வரிகூட ஓடுமுன், ரெகுலேட்டர் 2.6 வோல்ட்டில் எழுந்து நிற்கும். எதிரே 1.2 வோல்ட் சிப் இணைந்திருந்தால் அது அப்போதே முடிந்தது. எனவே எதையும் இணைக்கும் முன் நினைவகத்தில் பூஜ்யத்தை எழுதிவைக்க வேண்டும். ரெகுலேட்டரின் இயக்கு காலையும் தரையோடு ரெசிஸ்டர் வழியாகக் கட்டி, டிரைவர் சொன்னால் மட்டுமே இயங்கும்படி வைப்பது இன்னும் பாதுகாப்பு. 0.1 வோல்ட் கூடுதல் இருப்பதால் டேக் பூஜ்யம் சொன்னாலும் வெளியீடு பூஜ்யமாகாது என்பதும் இந்தக் காலைப் பயன்படுத்தக் காரணம். நினைவகத்துக்கு ஆயுளும் உண்டு: ஏறத்தாழ பத்து லட்சம் தடவை எழுதலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவகத்திலும் சேர்த்து எழுதும் டிரைவர், வினாடிக்கு ஒருமுறை வோல்ட்டை மாற்றினால், பன்னிரண்டு நாளுக்குள் அந்த ஆயுளைத் தின்றுவிடும். தற்காலிகமாக எழுதுவதும் நிரந்தரமாக எழுதுவதும் வேறு வேறு கட்டளைகளாக இருக்க வேண்டும். நிரந்தரக் கட்டளையைத் தவறுதலாக அழைக்க முடியாதபடி வைப்பது எழுதுபவரின் கடமை.

சொன்னது நடந்ததா என்று பார்க்க டிரைவருக்குக் கண்கள் வேண்டும். டெக்சாஸின் ஐஎன்ஏ226 சிப் அதற்கு ஏற்றது. அதுவும் அதே இரண்டு கம்பிகளில் இணையும். மின்னழுத்தத்தை 1.25 மில்லிவோல்ட் படிகளிலும், ஒரு சிறு ரெசிஸ்டரின் குறுக்கே உண்டாகும் வீழ்ச்சியை 2.5 மைக்ரோவோல்ட் படிகளிலும் அளக்கும். அந்த ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் மின்னோட்டம் 25 மைக்ரோஆம்பியர் படிகளில் தெரியும். 800 மில்லியாம்பியர் வரை அளக்கலாம். ரெசிஸ்டரை எங்கே வைப்பது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. வெளியீட்டில் வைத்தால் 500 மில்லியாம்பியரில் 50 மில்லிவோல்ட் அதிலேயே போய்விடும். அத்தனை பாடுபட்டு அடைந்த துல்லியம் வீண். ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்தால் வெளியீடு பாதிக்கப்படாது, ஆனால் ரெகுலேட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் சில மில்லியாம்பியரும் கணக்கில் சேரும். அதைக் கழிப்பது மென்பொருளுக்குச் சுலபம் என்பதால் முன்னால் வைப்பதே நல்லது.

வெப்பக் கணக்குதான் பலரை ஏமாற்றுவது. எல்டிஓ தான் இறக்கும் வோல்ட் முழுவதையும் வெப்பமாகவே வெளியேற்றுகிறது. ஓர் அணைக்கட்டின் மதகைப்போல், உயர வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தை அது தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளீடு 6 வோல்ட், வெளியீடு 5 வோல்ட், மின்னோட்டம் அரை ஆம்பியர் என்றால் வெப்பம் அரை வாட். அதே போர்டை 1.2 வோல்ட்டுக்கு இறக்கி அதே அரை ஆம்பியரை எடுத்தால் 2.4 வாட். வோல்ட்டைக் குறைத்தால் ரெகுலேட்டரின் சூடும் குறையும் என்று மனம் சொல்லும், நடப்பது நேர்மாறு. ஒரு வாட்டுக்குச் சிப்பின் உட்பகுதி சுமார் 35 டிகிரி ஏறும் என்று கொண்டால், 2.4 வாட்டுக்கு 84 டிகிரி. சிங்கப்பூரின் பகல் வெப்பம் 32 டிகிரியோடு கூட்டினால் 116. எல்டி3045க்கு வகுக்கப்பட்ட எல்லை 125. குளிரூட்டிய ஆய்வுக்கூட மேசையில் இது தாங்கும். அதையே மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே காற்று 45 டிகிரிக்கு ஏறினால் எல்லை தாண்டிவிடும். வெப்பம் அதற்கும் மேல் ஏறிக்கொண்டே போனால் சிப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மீண்டும் எழும், மறுபடி அணையும். எதிரே இருக்கும் கருவி காரணமின்றித் திரும்பத் திரும்பத் தொடங்குவதுபோல் தோன்றும். அனுமதிக்கும் மின்னோட்டத்தை டிரைவர் ஒரே எண்ணாக வைத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான். கேட்கும் வோல்ட்டைப் பொறுத்து வாட் கணக்குப் போட்டு, எல்லையை அந்தந்த நேரத்தில் நிர்ணயிக்க வேண்டும்.

எண்ணை அனுப்புவது டிரைவரில் சில வரிகள்தான். மீதிப் பெரும்பகுதி மறுப்பதற்காக எழுதப்படுகிறது. 1.8 வோல்ட் சிப் இணைந்த போர்டுக்கு 18 வோல்ட் என்று புள்ளி விடுபட்ட கட்டளை வந்தால் மறுக்க வேண்டும். உள்ளீடு 5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்ட நிலையில் 4.9 வோல்ட் கேட்டால், போதிய இடைவெளி இல்லை என்று மறுக்க வேண்டும். கம்பியில் பதில் வராவிட்டால் முன்பு வைத்த எண்ணை நம்பிக்கொண்டு இருக்காமல், நிலை தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். எழுதும் நடுவில் கணினி மறுதொடக்கம் ஆனால் ஐ2சி சிப் ஒன்று செய்திக் கம்பியைக் கீழே பிடித்தபடியே உறைந்துபோவது உண்டு. தாளக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் கொடுத்தால் பெரும்பாலும் பிடியை விட்டுவிடும். தொடங்கும்போது இதைச் செய்துகொள்ளும் டிரைவரும், மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகச் சொல்லும் டிரைவரும் வேறு வேறு தரம். ஒரு பெரிய தாவலாக வோல்ட்டை மாற்றாமல் சிறு படிகளில் ஏற்றி இறக்குவதும், நிரல் பாதியில் இறந்தால் இயக்கு கால் தானே அணையும்படி காவல் கடிகாரம் வைப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

லினக்ஸ் இயங்குதளம் இந்த அறிவை முறைப்படுத்தி வைத்திருக்கிறது. லியாம் கர்ட்வுட்டும் மார்க் பிரவுனும் பராமரித்துவந்த ரெகுலேட்டர் சட்டகம் 2008இல் கருநிரலில் சேர்ந்தது. அதில் வோல்ட் என்பதே பின்னமாக எழுதப்படாது. எல்லாம் மைக்ரோவோல்ட்டில் முழு எண்கள். 3.3 வோல்ட் என்பது 33,00,000. புள்ளி தவறும் பேச்சே அங்கு இல்லை. கேட்பவர் ஒரே அளவையும் சொல்வதில்லை, இதற்குக் குறையாமல், இதற்கு மிகாமல் என்று இரண்டு எல்லைகளைச் சொல்கிறார். ரெகுலேட்டரால் எந்தப் படியைத் தர முடியுமோ அது அந்த எல்லைக்குள் இருந்தால் போதும். போர்டை வடிவமைத்தவர் வகுத்த எல்லை தனியாக எழுதப்பட்டிருக்கும். எந்த நிரலும் அதைத் தாண்ட முடியாது. ஒரே ரெகுலேட்டரை இரண்டு சிப்புகள் பகிர்ந்துகொண்டால், இருவருக்கும் பொதுவான எல்லைக்குள் மட்டுமே வோல்ட் மாறும். ஒருவர் அணைக்கச் சொன்னாலும் மற்றவர் பயன்படுத்தும்வரை அணையாது. கைப்பேசி வேலை குறைந்த வேளையில் தன் செயலியின் வோல்ட்டையும் வேகத்தையும் சேர்த்துக் குறைத்து மின்கலத்தை மிச்சம்பிடிப்பது இப்படிப்பட்ட அமைப்பின் மேல்தான் நடக்கிறது. சிறு போர்டுக்குப் பைத்தானில் நூறு வரி எழுதுபவரும் இந்தச் சட்டகத்தின் இரண்டு வழக்கங்களை, முழு எண் மைக்ரோவோல்ட்டையும் எல்லை ஜோடியையும், கடன் வாங்கிக்கொள்வது நல்லது.

இத்தகைய போர்டுகளின் முதல் பயன் சோதனையில். ஒரு சிப் 1.8 வோல்ட்டுக்கு என்று விற்கப்பட்டாலும் ஐந்து விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் வேலை செய்ய வேண்டும். 1.71 முதல் 1.89 வரை வோல்ட்டை நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் வேகத்தையும் மாற்றி, எங்கே பிழை தொடங்குகிறது என்று வரைபடம் போடுவது சிப் சோதனையில் வழக்கம். நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கையால் திருகி அளக்க முடியாது; மென்பொருள் இரவெல்லாம் செய்யும். இரண்டாவது பயன் அமைதி தேவைப்படும் ஆய்வுகளில். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் போன்ற இடங்களில் லேசர்களும் ஒற்றை ஒளித்துகள் உணரிகளும் வேலை செய்கின்றன. மின்வழங்கியின் இரைச்சல் லேசரின் அலைநீளத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், அங்கே மைக்ரோவோல்ட் கணக்கு வீண் நுணுக்கம் ஆகாது.

விண்வெளிக்கும் இதே கவலை உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ ஆய்வுக்கூடமும் உருவாக்கிய எக்ஸ்-சாட் செயற்கைக்கோள் 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறியது. 2015 டிசம்பர் 16 அன்று அதே தளத்திலிருந்து ஆறு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் சென்றன. அவற்றில் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசியாவும் ஒன்று, குவாண்டம் கருவி ஒன்றைச் சுமந்தது. 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட ஸ்பூக்கி-1 அந்த வரிசையின் அடுத்த படி. சின்னஞ்சிறு செயற்கைக்கோள் வெயிலில் ஒரு நிலை, பூமியின் நிழலில் வேறொரு நிலை என்று மின்கல அளவு மாறிக்கொண்டே சுற்றுகிறது. அத்தகைய கோளில் எந்தக் கருவிக்கு எப்போது மின்சாரம், எப்போது துண்டிப்பு என்பதைக் கோளில் உள்ள மென்பொருள்தான் முடிவுசெய்ய வேண்டும். செருகியைப் பிடுங்கிச் செருக அங்கே ஆள் இல்லை.

போர்டு தயாரானதும் அளவீட்டுத் திருத்தம் செய்யப்படுகிறது. கணக்கில் 0.1 வோல்ட் என்று வந்த கூடுதல் உண்மையில் 0.0993 ஆக இருக்கலாம். ரெசிஸ்டரும் 100 மைக்ரோஆம்பியரும் தத்தம் சிறு பிழையோடுதான் வருகின்றன. டேக்குக்குத் தாழ்வான ஓர் எண்ணையும் உயர்வான ஓர் எண்ணையும் கொடுத்து, நல்ல மல்டிமீட்டரால் வெளியீட்டை அளந்து, இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டின் சாய்வையும் தொடக்கத்தையும் அந்தப் போர்டின் எண்ணோடு ஒரு கோப்பில் எழுதினால் போதும். டிரைவர் இனி ஏட்டுக் கணக்கை விட்டு இந்தக் கோட்டைப் பின்பற்றும். ஒரு போர்டின் கோப்பை இன்னொரு போர்டுக்குப் பயன்படுத்துவது திருத்தம் இல்லாமல் இருப்பதைவிட மோசம் என்பதால், கோப்பில் போர்டின் எண் பொருந்தாவிட்டால் டிரைவர் தொடங்கவே கூடாது.

முதல் இணைப்பு விலையுயர்ந்த சிப்போடு இருக்க வேண்டியதில்லை. சிம் லிம் டவரில் கிடைக்கும் 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். டேக்கின் நினைவகத்தில் பூஜ்யம் எழுதப்பட்ட பிறகு, ரெசிஸ்டரை வெளியீட்டில் மாட்டி, டிரைவருக்கு 3.3 வோல்ட் கட்டளை கொடுத்து 40 மில்லிவினாடி காத்திருந்தால், ஐஎன்ஏ226 330 மில்லியாம்பியருக்குச் சற்று மேல் காட்ட வேண்டும்: 330 ரெசிஸ்டருக்கு, மீதி ரெகுலேட்டருக்கு. ரெசிஸ்டரில் 1.1 வாட் வெப்பம், 6 வோல்ட் உள்ளீட்டில் ரெகுலேட்டரில் 0.9 வாட், தொட்டால் சுடும், புகையாது. அதே ரெசிஸ்டரோடு 18 வோல்ட் கேட்டுப் பார்க்க வேண்டும், ஐ2சி கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும், நிரலை நடுவில் கொன்று இயக்கு கால் அணைகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக நடந்த பின்பே சிமென்ட் ரெசிஸ்டரைக் கழற்றி, உண்மையான சிப்பை அந்த முனையத்தில் இணைக்கலாம்.